கேட்காமல் சேர்த்த தாளம்

மலர்க் குழுவினர் என்னிடம் கேட்டது ரயில்வே அனுபவக் கட்டுரை. முப்பத்தெட்டு வருடம் சிக்னல், தொலைத்தொடர்புப் பிரிவில் குப்பை கொட்டியவனிடம் வேறு என்னத்தைக் கேட்பார்கள்? ஆனால் நான் எழுத வந்திருப்பது ஓர் ஆங்கில இசைத்தட்டைப் பற்றி. இதிலும் ரயில் நிலையம் உண்டு, ரிலே உண்டு. அன்பர்கள் கொஞ்சம் பொறுமை காட்ட வேண்டும்.

1983ஆம் வருடம் கரக்பூரில் இருந்தேன். டிப்ளமோ முடித்து வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடம்கூட ஆகவில்லை. ரயில்வே காலனியில் எனக்கு அடுத்த குவார்ட்டர்ஸில் ஓர் ஆங்கிலோ இந்திய மெயில் டிரைவர் குடியிருந்தார். ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது. டூட்டி இல்லாத சாயங்காலங்களில் வராந்தாவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து இசைத்தட்டு போடுவார். எல்லாம் கல்கத்தா ஃப்ரீ ஸ்கூல் தெருவில் பழைய விலைக்கு வாங்கியவை. நானோ திருவையாறு ஆராதனையை ரேடியோவில் கேட்டு வளர்ந்தவன். ஆங்கிலப் பாட்டென்றால் கூச்சல் என்று நினைத்திருந்தேன். ஒரு நாள் அவர் போட்ட தட்டில் இரண்டு ஆண் குரல்கள் ஒன்றோடொன்று இழைந்து, ஏறக்குறைய ரகசியம் பேசுவதுபோல் பாடின. எழுந்து போய் அட்டையைப் பார்த்தேன். ஒரு மண்பாதையில் நடந்து போகிற இரண்டு இளைஞர்கள் நம்மைத் திரும்பிப் பார்க்கிறார்கள். 'சவுண்ட்ஸ் ஆஃப் சைலன்ஸ்', மௌனத்தின் ஓசைகள். பாடியவர்கள் பால் சைமன், ஆர்ட் கார்ஃபங்கல்.

"இந்தப் பாட்டில் டிரம் அடித்தது பாடினவர்களுக்கே தெரியாது, தெரியுமா யங் மேன்?" என்றார் அவர். கதை விடுகிறார் என்றுதான் நினைத்தேன். பிற்பாடு தேடிப் படித்தபோது அவ்வளவும் உண்மை என்று தெரிந்தது.

சைமனும் கார்ஃபங்கலும் 1941இல் மூன்று வார இடைவெளியில் பிறந்தவர்கள். நியூயார்க் நகரின் குவீன்ஸ் பகுதியில் ஒரே பேட்டையில் வளர்ந்தவர்கள். 1953இல் பள்ளிக்கூடத்தில் 'ஆலிஸ் இன் ஒண்டர்லாண்ட்' நாடகம் போட்டபோது சிநேகமானார்கள். சைமனுக்கு வெள்ளை முயல் வேஷம், கார்ஃபங்கலுக்குப் பூனை வேஷம். பதினாறு வயதில் 'டாம் அண்ட் ஜெர்ரி' என்று பெயர் வைத்துக்கொண்டு ஒரு பாட்டு வெளியிட்டார்கள். அது 1957இல் அமெரிக்கப் பட்டியலில் 49ஆம் இடம் வரை போயிற்று. அதற்கப்புறம் ஒன்றும் நடக்கவில்லை. அவரவர் கல்லூரிக்குப் போய்விட்டார்கள்.

சைமனுக்கு ஒரு வழக்கம். வீட்டுக் குளியலறையில் விளக்கை அணைத்துவிட்டு, குழாயைத் திறந்துவிட்டு, இருட்டில் கிடார் வாசிப்பார். டைல்ஸ் பதித்த சுவர்களில் குரல் மோதித் திரும்பும். நம் வீடுகளிலும் குளியலறைப் பாடகர்களுக்குப் பஞ்சமில்லை. காரணம் அதே எதிரொலிதான். இந்தத் தலைப்புப் பாட்டு அப்படித்தான் பிறந்தது. 1964 பிப்ரவரியில் எழுதி முடித்தார். மனிதர்கள் பேசிக்கொள்கிறார்கள், ஆனால் ஒருவர் சொல்வது இன்னொருவர் காதில் விழுவதில்லை என்பதுதான் பாட்டின் சாரம்.

கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்தில் அப்போது டாம் வில்சன் என்ற தயாரிப்பாளர் இருந்தார். டெக்சாஸ் மாநிலத்தில் பிறந்த கறுப்பினத்தவர், ஹார்வர்டில் படித்தவர், ஜாஸ் இசைத்தட்டுகளில் தொடங்கியவர். பாப் டிலனின் தட்டுகளையும் அவர்தான் தயாரித்துக்கொண்டிருந்தார். அந்தக் காலத்து அமெரிக்காவில் அப்படிப்பட்ட நாற்காலியில் ஒரு கறுப்பர் உட்காருவது எவ்வளவு அபூர்வம் என்று சொல்ல வேண்டியதில்லை. அவர் இந்த இருவரையும் கூப்பிட்டு ஓர் ஆல்பம் பதிவு செய்தார். இரண்டு குரலும் கிடாரும்தான் பிரதானம். டிரம் இல்லை, எலெக்ட்ரிக் கிடார் இல்லை. 1964 அக்டோபரில் வெளியாயிற்று. முதலில் மூவாயிரம் பிரதிதான் விற்றது. ஜோடி பிரிந்தது. கார்ஃபங்கல் படிப்புக்குத் திரும்பினார். சைமன் இங்கிலாந்துக்குப் போய், ஊர் ஊராகச் சின்னச் சின்ன நாட்டுப்பாடல் கிளப்புகளில் தனியாகப் பாடிப் பிழைத்தார்.

நிற்க. இங்கே ஒரு ரயில் நிலையம் வருகிறது. இங்கிலாந்தின் வடமேற்கில் லிவர்பூல் பக்கம் விட்னஸ் என்ற சின்ன ஊர். அந்த ஸ்டேஷனில் வண்டிக்குக் காத்திருந்தபோதுதான் 'ஹோம்வர்ட் பவுண்ட்', அதாவது வீடு நோக்கி, என்ற பாட்டை சைமன் எழுதினார் என்பது கதை. பிளாட்பாரத்தில் அதற்கு ஒரு பலகையே பதித்தார்கள். ரசிகர்கள் அதை ஞாபகார்த்தமாகப் பெயர்த்துக்கொண்டு போனதும் உண்டு. ரயில்வே சொத்தில் கைவைப்பது உலகம் முழுக்க ஒரே மாதிரிதான்போல. இந்தப் பாட்டு நான் சொல்லும் ஆல்பத்தின் அமெரிக்கப் பதிப்பில் கிடையாது. இங்கிலாந்துப் பதிப்பில் மட்டும் சேர்த்தார்கள்.

சைமன் அங்கே பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்த காலத்தில், செத்துப்போனதாக நினைத்த ஆல்பத்தின் அந்த ஒரு பாட்டு மட்டும் அமெரிக்காவில் மெல்ல மூச்சு விட ஆரம்பித்திருந்தது. பாஸ்டன் வானொலியில் ஓர் அறிவிப்பாளர் ராத்திரி நேரத்தில் அதைப் போட, அங்குள்ள கல்லூரி மாணவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். ஃபுளோரிடா கடற்கரைக்கு விடுமுறைக்கு வந்த மாணவர்களும் அதையே கேட்டார்கள். செய்தி வில்சன் காதுக்கு எட்டியது.

அது 1965 ஜூன் மாதம். டிலனின் 'டாம்பரின் மேன்' பாட்டை பேர்ட்ஸ் என்ற குழு எலெக்ட்ரிக் கிடாரும் டிரம்மும் வைத்துப் பாட, அது பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது. டிலனே நாட்டுப்பாடலை விட்டுவிட்டு 'லைக் எ ரோலிங் ஸ்டோன்' பாட்டை மின்சாரக் கருவிகளோடு பதிவு செய்தார். அந்த ஒலிப்பதிவுக்குத் தயாரிப்பாளரும் இதே வில்சன்தான். நாட்டுப்பாடலின் சொல்லும் ராக் இசையின் தாளமும் சேர்ந்தால் எடுபடும் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. அதே மாதத்தில் பழைய நாடாவை எடுத்தார். வின்னி பெல், அல் கொர்கோனி என்ற இரண்டு கிடார்காரர்கள், டிரம்முக்கு பாபி கிரெக், ஒரு பேஸ் கிடார். பாடியவர்கள் இருவருக்கும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இதில் இருக்கும் தொழில்நுட்பத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஒலிநாடாவின் அகலத்தில், இணையான தண்டவாளங்கள்போல, பல தடங்கள் உண்டு. ஒவ்வொன்றிலும் தனித்தனியே ஒலியைப் பதியலாம். பழைய பதிவை ஓடவிட்டு, வாத்தியக்காரர்கள் அதைக் காதுக்கருவியில் கேட்டபடியே வாசிப்பார்கள். அவர்கள் வாசிப்பது வேறு தடத்தில் பதிவாகும். கடைசியில் எல்லாத் தடங்களையும் அளவாகக் கலந்து ஒன்றாக்கினால், எல்லோரும் ஒரே அறையில் உட்கார்ந்து பாடியதுபோல் இருக்கும். கேட்கச் சுலபம். ஆனால் இந்தப் பாட்டில் ஒரு சிக்கல் இருந்தது.

நம் கச்சேரி பாஷையில் சொன்னால் புரியும். பாடகர் காலப்பிரமாணம் கொஞ்சம் ஓடினாலும் இழுத்தாலும் மிருதங்கக்காரர் அனுசரித்துப் போவார். பாடகரும் ஒரு பார்வை பார்த்துத் தன்னைச் சரிசெய்துகொள்வார். இரண்டு பேரும் உயிரோடு எதிரெதிரே இருக்கிறார்கள். இங்கேயோ பாடகர் பதினைந்து மாதத்துக்கு முன் பாடிவிட்டுப் போய்விட்டார். டிரம் வரப்போகிறது என்று அவருக்குத் தெரியாது. ஆகவே வார்த்தைக்கு ஏற்றபடி கொஞ்சம் நிறுத்தி, கொஞ்சம் விரைந்து, தன்னிஷ்டப்படி பாடியிருக்கிறார். திரும்பிப் பார்க்காத பாடகருக்குப் பக்கவாத்தியம் வாசிப்பது எப்படியிருக்கும் என்று நம்மூர் வித்வான்களைக் கேட்டுப் பாருங்கள். அந்த நால்வரும் அன்றைக்கு அதைத்தான் செய்தார்கள். ஊன்றிக் கேட்டால், தாளம் ஓரிடத்தில் சற்றுத் தயங்கிக் குரல் வந்து சேரக் காத்திருப்பது காதில் விழும்.

அந்தத் தயக்கம் எனக்குப் பிடிக்கும். குற்றம் கண்டுபிடிக்கிறவர்கள் கண்டுபிடிக்கட்டும்.

பிறகு ஒலிப்பதிவு எஞ்சினியர் ராய் ஹாலி புதிய கலவைக்கு எதிரொலியைத் தாராளமாகச் சேர்த்தார். குளியலறை இருட்டில் பிறந்த பாட்டுக்கு அந்தச் சுவர்களின் ஓசை இப்படி வேறு வழியில் திரும்பி வந்து சேர்ந்தது. இது அவர்கள் யோசித்துச் செய்ததா, தற்செயலா என்று நான் ஆராயப் போவதில்லை.

1965 செப்டம்பரில் சின்னத் தட்டாக வெளியாயிற்று. சைமனுக்கு ஐரோப்பாவில் இருந்தபோதுதான் விஷயம் தெரியும். அப்போது லண்டனில் அவரோடு ஒரே வீட்டில் குடியிருந்த பாடகர் அல் ஸ்டூவர்ட், பிற்பாடு தாமும் பெயர் பெற்றவர், சைமன் முதன்முதலில் அந்தப் பதிவைக் கேட்டு அதிர்ந்துபோனதைச் சொல்லியிருக்கிறார். அவரை உறுத்தியதும் தாளம் தயங்கும் அந்த இடம்தான். ஆனால் பாட்டு நிற்கவில்லை. 1966 ஜனவரி 1ஆம் தேதியிட்ட பில்போர்டு பட்டியலில் முதலிடத்துக்கு வந்துவிட்டது. பீட்டில்ஸ் குழு இருந்த காலத்தில் முதலிடம் என்றால் சாதாரணமா? அந்த மாதத்தில் பீட்டில்ஸ் பாட்டு ஒன்றும் இதுவும் மாறி மாறி அந்த இடத்தில் உட்கார்ந்தன. சைமன் பின்னாளில் ஒரு சம்பவம் சொல்வார். இருவரும் குவீன்ஸில் தெருவோரம் காரில் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். ரேடியோவில் முதலிடத்துப் பாட்டு என்று இவர்களுடையதே வருகிறது. அந்தப் பையன்கள் இந்நேரம் எவ்வளவு ஜோராக இருப்பார்கள் என்று கார்ஃபங்கல் சொன்னாராம்.

பாட்டு முதலிடத்தில் இருக்கிறது. கூட விற்க ஆல்பம் இல்லை. சைமனை அவசரமாக வரவழைத்து, 1965 டிசம்பரில் சில வாரங்களுக்குள் பெரும்பாலான பாட்டுகளைப் பதிவு செய்தார்கள். அதற்குள் வில்சன் வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டார். பாப் ஜான்ஸ்டன் தயாரித்தார். 1966 ஜனவரி 17 அன்று 'சவுண்ட்ஸ் ஆஃப் சைலன்ஸ்' ஆல்பம் வந்தது. பதினோரு உருப்படி, மொத்தம் அரை மணி நேரம்கூட இல்லை.

அவசர சமையல் என்பது சில இடங்களில் தெரிகிறது. 'க்ரூவி திங்' என்று ஒரு பாட்டு வருகிறது. அது இந்த வீட்டுப் பிள்ளையே இல்லை. 'சம்வேர் தே கான்ட் ஃபைண்ட் மீ' என்பது முதல் ஆல்பத்தின் தலைப்புப் பாட்டையே சட்டை மாற்றி விட்டது. ஆனால் சைமனிடம் கையிருப்பு இருந்தது. லண்டனில் தனியாகக் கிடாரோடு அவர் பதிவு செய்திருந்த பாட்டுகளிலிருந்து நாலைந்து இங்கே இடம் மாறின. 'ஏப்ரல் கம் ஷீ வில்' இரண்டு நிமிடத்துக்கும் குறைவு. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை மாதம் மாதமாக ஒரு காதல் வந்து போகிறது. கார்ஃபங்கல் தனியாகப் பாடுகிறார். அவர் குரலைக் கேட்க வேண்டுமானால் இதில் கேளுங்கள்.

இரண்டாம் பக்கத்தின் தொடக்கம்தான் என்னை மிகவும் பாதித்தது. 'ரிச்சர்ட் கோரி' என்பது எட்வின் ஆர்லிங்டன் ராபின்சன் என்ற அமெரிக்கக் கவிஞர் 1897இல் வெளியிட்ட கவிதையைத் தழுவியது. ஊரே பொறாமைப்படும் பணக்காரன்; ஒரு ராத்திரி தன்னைத் தானே சுட்டுக்கொள்கிறான். சைமன் அந்தக் கதையை அவனுடைய தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒரு கூலியாளின் வாயால் சொல்ல வைக்கிறார். முதலாளி இறந்த செய்தி தெரிந்த பிறகும் அந்தக் கூலியாள், அவனாக நான் இருந்திருக்கக் கூடாதா என்றுதான் ஏங்குகிறான். இந்தத் திருப்பம் கவிதையில் கிடையாது, சைமனுடையது. அதற்கு அடுத்த பாட்டு 'எ மோஸ்ட் பெக்யூலியர் மேன்'. லண்டன் பத்திரிகையில் நாலு வரியில் வந்த ஒரு தற்கொலைச் செய்தியைப் படித்து எழுதியது. யாரோடும் பேசாத ஒரு வாடகைக்காரர் இறந்துபோகிறார். அக்கம்பக்கத்தவர் சொல்லத் தெரிந்ததெல்லாம், ஒரு மாதிரியான ஆள் என்பதுதான். ஒருவனை ஊரே அறியும், இன்னொருவரை யாரும் அறியார். இருவரையும் ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கடைசிப் பாட்டு 'ஐ ஆம் எ ராக்'. நான் பாறை, எனக்கு யாரும் வேண்டாம் என்று ஒருவன் வீம்பு பேசுகிறான். பேசப் பேச, அவனுக்கு எவ்வளவு அடிபட்டிருக்கிறது என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. தலைப்புப் பாட்டில் தொடங்கி இது வரைக்கும் ஆல்பம் ஒரே விஷயத்தைத்தான் சுற்றிச் சுற்றி வருகிறது.

நடுவில் பாட்டே இல்லாமல் கிடார் மட்டும் ஒலிக்கும் 'ஆஞ்சி' என்ற உருப்படி. இங்கிலாந்துக் கிடார் மேதை டேவி கிரஹாம் இயற்றியது. பேஸ் தந்திகள் ஒரு பக்கம் இறங்கிக்கொண்டே போக, மேல் தந்திகள் தனிக்கதை பேசும். ஒரு ஆள்தான் வாசிக்கிறார் என்று நம்ப எனக்கு நாலு தடவை கேட்க வேண்டியிருந்தது.

ஆல்பம் பட்டியலில் 21ஆம் இடம் வரை போயிற்று. கவனிப்பாரற்றுக் கிடந்த 1964 ஆல்பத்தை மறுபடி கடைக்கு அனுப்பினார்கள். அதுவும் 30ஆம் இடம் வரை வந்தது. 1967இல் 'தி கிராஜுவேட்' படத்தில் தலைப்புப் பாட்டு சேர்ந்ததும், 1970இல் 'பிரிட்ஜ் ஓவர் டிரபிள்டு வாட்டர்' ஆல்பத்தோடு ஜோடி பிரிந்ததும் பலர் அறிந்தவை. அவற்றை இங்கே விரிக்கவில்லை.

என்னை இத்தனை வருடம் அரித்தது வேறு. வில்சன் செய்தது சரியா?

1987இல் எனக்கே அப்படி ஒன்று நடந்தது. ஒரு வழியோர ஸ்டேஷனில், தொலைவில் இருந்த லெவல் கிராசிங் கேட்டுக்கான சர்க்யூட்டை நான் வரைந்திருந்தேன். சேர்க்கப்பட்ட முதல் டிராயிங் என்பதால் பெருமை வேறு. மழைக்காலத்தில் மட்டும் ஒரு கோளாறு: நீண்ட கேபிளின் கடைக்கோடியில் மின்னழுத்தம் குறைந்து ரிலே விழுந்துவிடும், ஸ்டேஷன் மாஸ்டர் எனக்குப் போன் போடுவார். கேபிளில் ஈரம் என்று நான் சாதித்துக்கொண்டிருந்தேன். தங்கை கல்யாணத்துக்காக மூன்று வாரம் தஞ்சாவூர் போய்த் திரும்பினால், என் டிராயிங்கில் சிவப்பு மை. பாதி வழியில் லொகேஷன் பாக்ஸில் ஒரு ரிப்பீட்டர் ரிலேயும் அதற்குத் தனி பாட்டரியும் சேர்த்து, முறைப்படி சோதனை செய்து, மேலதிகாரி கையெழுத்தும் போட்டிருந்தார். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. ஒரு மாதம் அவரிடம் வேலைக்கு வேண்டியதைத் தவிர வேறு பேசவில்லை. அடுத்த மழைக்காலம் வந்தது, ரிலே விழவில்லை. போன் வரவில்லை.

முன்கூட்டியே கேட்டிருந்தால் நான் சம்மதித்திருப்பேனா? மாட்டேன். ஈரம், ஈரம் என்றே நின்றிருப்பேன். சைமனும் அப்படித்தான் மறுத்திருப்பார் என்று நினைக்கிறேன். இங்கிலாந்தில் தனிக் கிடாரே தன் வழி என்று இருந்தவர் அவர். அதனால் கேட்காமல் செய்தது நியாயம் ஆகிவிடுமா என்றால், ஆகாது. பாட்டு சைமனுடையது, குரல் அவர்கள் இருவருடையது. ஒரு தந்தி அடித்திருக்கலாம். ஆனால் வில்சனின் காது சொன்னது சரி என்பதையும் மறுக்க முடியவில்லை. அந்த டிரம் இல்லாவிட்டால் அந்தப் பாட்டு பாஸ்டன் மாணவர்களோடு முடிந்திருக்கும். கரக்பூர் வராந்தாவுக்கு வந்தே இருக்காது. இவை இரண்டும் எனக்குள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டுதான் இருக்கின்றன.

வில்சன் 1978இல் இளவயதிலேயே காலமானார். என் மேலதிகாரியும் இப்போது இல்லை. மழையில் ரிலே விழவில்லை சார் என்று அவரிடம் நான் கடைசிவரை சொல்லவே இல்லை.

டிரைவர் 1985இல் ஓய்வு பெற்று, மகனோடு இருக்க ஆஸ்திரேலியா புறப்பட்டபோது அந்தத் தட்டை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். முதல் பாட்டில் ஒரு கீறல் உண்டு, இரண்டாவது சரணத்தில் டிரம் நுழைவதற்குச் சற்று முன்னால் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். தட்டு சுற்றும் பெட்டி இப்போது பழுதாகிவிட்டது. பேத்தி போனில் போட்டுக் கொடுக்கிறாள். அவளுக்கு 2015இல் டிஸ்டர்ப்டு என்ற குழு கனத்த குரலில் பாடிய பதிப்புதான் தெரிந்திருந்தது. நான் 1964 பதிவையும் 1966 ஆல்பத்தில் உள்ளதையும் அடுத்தடுத்துக் கேட்க வைத்தேன். இரண்டிலும் குரல் ஒன்றேதான், அதே நாளில் பாடியது. அன்பர்களும் அப்படிக் கேட்டுப் பாருங்கள். தாளம் எங்கே காத்து நிற்கிறது என்பதை நான் சொல்லாமலே பேத்தி கண்டுபிடித்துவிட்டாள்.